சதுரங்கமும் சீலமும்



சீலம் என்றதும் நம்மிற் பலர் பெருங்குற்றங்களையே நினைக்கின்றனர். பிறர் வீட்டுப் பூட்டை உடைத்தல் களவு. நீதிமன்றத்தில் பொய்ச்சான்று கூறுதல் பொய். இவற்றை நாம் செய்வதில்லை. ஆதலின் பஞ்சசீலத்தில் இரண்டாவதும் நான்காவதும் நம்மிடம் பழுதின்றி உள்ளன என்று மன அமைதி கொள்கின்றனர். ஆனால் சீலம் சோதிக்கப்படுவது பெரும்பாலும் சிறு காரியங்களில். அவற்றுள்ளும், பார்ப்பவர் எவரும் இல்லாத காரியங்களில். அத்தகைய ஒன்றை இப்பாடத்தில் எடுத்துக்கொள்வோம். அஃது இணையவழிச் சதுரங்கம்.

விளையாட்டைக் குறித்தும் ஒரு பாடம் வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். நாம் வாழும் பொம்மசந்திராவையே எடுத்துக்கொள்க. தொழிற்சாலையில் முறை முடிந்து வீடு திரும்பும் இளைஞர் கையில் கைப்பேசி உள்ளது. 2025 ஆகஸ்டு மாதத்தில் இராஷ்ட்ரீய வித்யாலய சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் தட மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கிற்று. அந்த ஒரு பயணத்திற்குள் இரண்டு மூன்று ஆட்டங்களை ஆடி முடித்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளும் மாலைவேளையில் அதே ஆட்டத்தை ஆடுகின்றனர். சென்னையில் வளர்ந்த குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற பின்னர், தமிழ்ப் பிள்ளைகளின் ஆர்வம் மேலும் பெருகியுள்ளது. ஆர்வம் நன்று. அவ்வார்வத்தோடு எத்தகைய பழக்கம் குடிபுகுகின்றது என்பதே நம் கவலை.

1. விளையாட்டைப் பற்றித் திரிபிடகம் கூறுவது

தீக நிகாயத்தின் முதற் சூத்திரமாகிய பிரமஜால சூத்திரத்தில், துறவிகள் காலத்தை வீணாக்கும் விளையாட்டுகளின் பட்டியல் ஒன்று உள்ளது. பகவர் அவற்றினின்றும் விலகியிருந்தார் என்று அச்சூத்திரம் கூறுகின்றது. அப்பட்டியலில் எட்டுக் கட்டங்கொண்ட வரிசைகளையுடைய பலகையில் ஆடும் ஆட்டமும், பத்துக் கட்டங்கொண்ட வரிசைகளையுடைய பலகையில் ஆடும் ஆட்டமும், அவற்றையே பலகையின்றி மனத்தால் ஆடும் ஆட்டமும் இடம் பெறுகின்றன. பிற்காலத்தே தோன்றிய சதுரங்கம் அவ்வெட்டுக்கட்டப் பலகையின்மீதே அமைந்தது. இது துறவிகளுக்குரிய ஒழுக்கம். இல்லறத்தார் சதுரங்கம் ஆடலாகாது என்று இதனைக் கொண்டு கூறுதல் பொருந்தாது.

இல்லறத்தார்க்கு உரியது சிகாலோவாத சூத்திரம். அதில் பொருள் அழியும் வாயில்கள் ஆறனுள் சூதாட்டமும் ஒன்றாக வைக்கப்படுகின்றது. அதன் தீமைகளும் ஆறாக விரிக்கப்படுகின்றன. வென்றவன் பகையைத் தேடிக்கொள்கின்றான், தோற்றவன் இழந்த பொருளை எண்ணி வருந்துகின்றான், கைப்பொருள் கரைகின்றது, அவையில் அவன் சொல் எடுபடுவதில்லை, நண்பரும் சுற்றத்தாரும் இகழ்கின்றனர், பெண் கொடுப்பார் இல்லை. நான்காவது தீமையை ஊன்றிக் காண்க. ஆட்டக்களத்தில் ஒருவன் நடந்துகொள்ளும் முறை, ஆட்டக்களத்திற்கு வெளியே அவன் சொல்லின் மதிப்பைக் குறைக்கின்றது. பந்தயப் பொருளின்றி அறிவுப் பயிற்சியாக ஆடும் சதுரங்கம் சூதாகாது. ஆயினும் ஆட்டத்தில் பொய் புகுந்தால் இந்நான்காவது தீமை தானே வந்து சேரும்.

2. பார்ப்பவர் இல்லாத பலகை

எதிரெதிரே அமர்ந்து ஆடுங்கால் கண்ணும் கையும் காவலாக நிற்கின்றன. இணையவழி ஆட்டத்தில் எதிராளி எங்கோ ஒரு நாட்டில் இருக்கின்றார். நம் மேசையின்மேல் வேறென்ன இருக்கின்றது என்பதை அவர் அறியார்.

மற்றொரு மாற்றமும் நேர்ந்துள்ளது. 1997ஆம் ஆண்டில் ‘டீப் புளூ’ என்னும் கணிப்பொறி அந்நாளைய உலக வீரர் காஸ்பரோவைத் தொடராட்டத்தில் வென்றது. அதற்குப் பெரும் நிறுவனம் ஒன்றின் தனிப்பொறி தேவைப்பட்டது. இன்றோ, விலையின்றிக் கிடைக்கும் ‘ஸ்டாக்ஃபிஷ்’ போன்ற நிரல் சாதாரணக் கைப்பேசியிலேயே இயங்குகின்றது. அதனை வெல்லக்கூடிய மனிதர் எவரும் இலர். உலகத்திலேயே மிகச் சிறந்த நகர்வைக் கள்ளத்தனமாகப் பெறுவதற்கு ஒரு விரல் அசைவு போதும்.

முறைகேடு பல வடிவங்களில் வருகின்றது. நிரலின் துணை கொள்ளுதல் ஒன்று. அருகில் இருக்கும் தேர்ந்த ஆட்டக்காரர் காதில் ஓத, அதன்படி ஆடுதல் மற்றொன்று. தம் கணக்கைப் பிறரிடம் தந்து ஆடச் செய்தலும், தரப்புள்ளியைக் குறைத்துக்கொண்டு எளிய எதிராளிகளைப் பெறுவதற்காக வேண்டுமென்றே தோற்றலும் முறைகேடே. தோல்வி உறுதியான பின்பு நகர்த்தாமல், கடிகாரம் முற்றும் ஓடட்டும் என்று எதிராளியைக் காக்கவைப்பதும், உரையாடற் பெட்டியில் வசை எழுதுவதும் பண்புக்கேடு. இவை யாவும் ஒரே எடையுடையன அல்ல. ஆயினும் ஒரே வேரிலிருந்து கிளைப்பன. எதிரே இருப்பவரும் நம்மைப் போன்ற மனிதர் என்பதை மறப்பதே அவ்வேர்.

3. 2021ஆம் ஆண்டின் நிகழ்ச்சி

நம் நகரத்தைச் சார்ந்த ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். 2021 ஜூன் 13ஆம் நாள், கொரோனாத் தொற்றுக்காலத்தில், அட்சய பாத்திர அறநிறுவனத்திற்கு நிதி திரட்டும் பொருட்டு இணையவழியில் ஒரு காட்சி ஆட்டம் நடைபெற்றது. ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற விசுவநாதன் ஆனந்த், திரைப்படத் துறையினரும் தொழில் துறையினருமாகிய புகழ்பெற்றோர் பலருடன் ஒரே வேளையில் ஆடினார். அவர்களுள் ஒருவர், பெங்களூரிலுள்ள ஜெரோதா பங்குத்தரகு நிறுவனத்தை நிறுவியவருள் ஒருவரான நிகில் காமத். அவர் ஆனந்தை வென்றார்.

சதுரங்கம் அறிந்தோர் திகைத்தனர். தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாத ஒருவரின் நகர்வுகள் கணிப்பொறியின் நகர்வுகளோடு ஒத்திருந்தன. செஸ்.காம் தளம் அவருடைய கணக்கை மூடியது. மறுநாளே காமத் உண்மையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர்களின் உதவியும் கணிப்பொறியின் உதவியும் தமக்கு இருந்தன என்றும், அது கேளிக்கைக்காகவும் அறச்செயலுக்காகவும் நடந்தது என்றும், இதனால் விளையக்கூடிய குழப்பத்தை உணராமல் நடந்துகொண்டது பேதைமை என்றும் கூறி மன்னிப்புக் கேட்டார். ஆனந்த் கடுஞ்சொல் ஒன்றும் கூறவில்லை. தாம் பலகையில் இருந்த நிலையை மட்டுமே கண்டு ஆடியதாகவும், அதனையே யாவரிடத்தும் எதிர்பார்த்ததாகவும் தெரிவித்தார். தரப்புள்ளி சேராத ஆட்டம் என்பதாலும், ஆனந்த் மேலும் தொடர விரும்பாமையாலும், அம்மூடிய கணக்கு பின்னர் திறக்கப்பட்டது.

ஒருவரைப் பழிப்பதற்காக இதனை நாம் எழுதவில்லை. பிழையை மறுநாளே ஒப்புக்கொண்டது பாராட்டத்தக்கது. நாம் ஆராய வேண்டியது அக்காரணங்களையே. ஏனெனில் அவை நம் யாவர் நாவிலும் ஆயத்தமாக உள்ளவை. “விளையாட்டுக்குத்தானே!” “நல்ல காரியத்திற்குத்தானே!” “பணமா போயிற்று?”

4. இராகுலருக்கு அருளிய பாடம்

மச்சிம நிகாயத்தின் அம்பலட்டிக இராகுலோவாத சூத்திரத்தில், பகவர் இளம் இராகுலருக்குப் பொய்யைப் பற்றிப் போதிக்கின்றார். கால் கழுவும் பாத்திரத்தில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டுகின்றார், பின்பு அதனைக் கொட்டுகின்றார், பாத்திரத்தைக் கவிழ்க்கின்றார், வெறுமையான அதனை நிமிர்த்தி வைக்கின்றார். அறிந்தே பொய் சொல்ல நாணாதவனின் துறவறம் அவ்வளவே என்று உணர்த்துகின்றார். அடுத்துப் போர்யானையை உவமையாக்குகின்றார். கால், உடல், தலை, தந்தம் யாவற்றாலும் போரிடும் யானை துதிக்கையை மட்டும் காத்துக்கொள்ளும் வரையில், தன் உயிரின்மேல் அதற்குப் பற்று உண்டு. துதிக்கையையும் போரில் நீட்டிவிட்டால், அதன்பின் அது செய்யாதது ஒன்றில்லை. அவ்வாறே, அறிந்து பொய் கூற நாணாதவன் செய்யாத தீமை இல்லை. ஆகவே விளையாட்டிற்காகவும் பொய் சொல்லாதிருக்கப் பழகுக என்பது அப்போதனையின் முடிபு.

“விளையாட்டுக்குத்தானே” என்னும் காரணத்தைப் பகவர் முன்னரே எடுத்து விலக்கிவிட்டார் என்பதைக் காண்க. நாணம் என்பது துதிக்கையைப் போன்றது. அற்பக் காரியத்தில் அதனை நீட்டிப் பழகியவனுக்குப் பெரிய காரியத்தில் அதனைக் காக்கும் வலிமை இராது.

நல்ல காரியம் என்னும் காரணமும் நில்லாது. ஏழைப் பிள்ளைகளின் உணவிற்கு நிதி திரட்டுவது புண்ணியமே. அப்புண்ணியம் தானத்தால் வந்தது, வெற்றியால் வந்ததன்று. தோற்றிருந்தாலும் ஓர் அரிசியும் குறைந்திராது.

பணம் போகவில்லை என்பதும் அவ்வாறே. இரண்டாவது சீலம் பணத்தைப் பற்றியது மட்டுமன்று. கொடுக்கப்படாததை எடுத்தலை விலக்குவது. இணைய ஆட்டத்தில் எதிராளி நமக்குக் கொடுப்பது தம் நேரத்தையும் கவனத்தையும், நேர்மையாக ஆடுவோம் என்னும் நம்பிக்கையையும். நிரலின் துணையால் வென்றவன் அவர் கொடுக்க இசையாத வெற்றியை எடுத்துக்கொள்கின்றான். மேலும், ஒவ்வொரு நகர்வும் சொல்லில்லாத ஒரு சொல்லாகும். “இதனை நான் சிந்தித்தேன்” என்று அது கூறுகின்றது. சிந்தித்தது வேறொன்றாயின் அங்கே நான்காவது சீலமும் முறிகின்றது.

5. விழுங்கிய காய்

ஜாதகக் கதைகளுள் லித்த ஜாதகம் என்பது ஆட்டத்தில் செய்யும் வஞ்சனையைப் பற்றியது. போதிசத்துவர் செல்வர் குடியில் பிறந்து சூதுகாய் ஆடிவந்த பிறவியில், அவரோடு ஒரு வஞ்சகன் ஆடுவது வழக்கம். வெல்லும் வரையில் அவன் ஆடுவான்; தோற்கும் நிலை வந்தால் ஒரு காயை வாயிலிட்டு மறைத்து, காய் காணாமற் போயிற்று என்று ஆட்டத்தைக் கலைத்துவிடுவான். போதிசத்துவர் அதனைக் கண்டுகொண்டார். காய்களில் நஞ்சு பூசி உலர்த்தி ஆட வந்தார். வஞ்சகன் வழக்கம்போல் காயை வாயிலிட்டு வீழ்ந்தான். உடனே போதிசத்துவர் வாந்தி மருந்து கொடுத்து, நெய்யும் தேனும் முதலியன ஊட்டி உயிர் காத்து, இனி இவ்வாறு செய்யற்க என்று அறிவுறுத்தினார்.

அக்காலத்திற்குரிய இச்சூழ்ச்சியை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. கதையின் கருத்தே நமக்கு வேண்டுவது. வஞ்சகன் காயை மறைத்தது பிறர் கண்ணுக்கு. அது சென்று தங்கியதோ அவன் வயிற்றில். நிரலைப் பார்த்து ஆடும் பிள்ளைக்கும் இதுவே நேர்கின்றது. தரப்புள்ளி உயரும், கணக்கிடும் திறன் உயராது. பின்னொரு நாள் மைசூரிலோ சேலத்திலோ உண்மையான பலகையின் முன் அமரும்போது, ஏறிய புள்ளிக்கும் உள்ள அறிவுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் அவன் விழுவான். அதற்கு முன்பே, தன் வெற்றி எதனையும் நம்ப முடியாத நிலை அவன் மனத்தில் உண்டாகிவிடும். நஞ்சு அதுவே.

6. ஐயுறவும் ஒரு குற்றமாகலாம்

இதுவரை கூறியதைக் கேட்டு, நம்மை வென்றவரையெல்லாம் வஞ்சகர் என்று கருதத் தொடங்குதல் ஆகாது. தளங்கள் நகர்வுகளை நிரலின் நகர்வுகளோடு ஒப்பிடுகின்றன. ஒவ்வொரு நகர்விற்கும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் நோக்குகின்றன. கடினமான நகர்வும் எளிய நகர்வும் ஒரே அளவான நேரத்தில் வருமாயின் ஐயம் எழும். எனினும் ஓர் ஆட்டத்தைக் கொண்டு பெரும்பாலும் எதனையும் முடிவு செய்ய இயலாது. பல ஆட்டங்களை ஒருங்கே வைத்து ஆராய்கின்றனர். பயிற்சி பெற்றோரே தயங்கும் இடத்தில், தோற்ற ஆத்திரத்தில் இருக்கும் நாம் தீர்ப்புக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி, இணையவழியில் பல்லாயிரம் பேருக்குச் சதுரங்கம் கற்பித்த ஆசிரியர். முன்னாள் உலக வீரர் விளாதிமிர் கிராம்னிக் அவரது ஆட்டத்தின்மீது பொதுவெளியில் மீண்டும் மீண்டும் ஐயம் எழுப்பினார். நரோடிட்ஸ்கி அதனை மறுத்தார். அவர் முறைகேடு செய்தார் என்று எந்த அமைப்பும் தீர்ப்பளிக்கவில்லை. அப்பழி தம்மை வாட்டியதை அவரே கூறியிருந்தார். 2025 அக்டோபரில், 29ஆம் வயதில் அவர் காலமானார். அவர் இறப்பின் காரணத்தை ஆராய்தல் நம் வேலையன்று. உயிரோடிருந்த காலத்தில் அவர் சுமந்த துயரமே போதிய பாடம். சான்றின்றிக் கூறும் பழியும் நான்காவது சீலத்திற்கு மாறானதே. ஐயம் உண்டாயின் தளத்தின் முறையீட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு வாய் மூடியிருத்தல் அறம்.

7. இணைப்பு அறுந்தபோது

2020ஆம் ஆண்டில், தொற்றின் காரணமாகச் சதுரங்க ஒலிம்பியாட் முதன்முறையாக இணையவழியில் நடந்தது. ஆகஸ்டு 30ஆம் நாள் இறுதிப் போட்டியில் இந்தியாவும் இரஷ்யாவும் மோதின. முதற் சுற்று சமமாக முடிந்தது. இரண்டாம் சுற்றில், உலகளாவிய இணையத் தடையால் நிகால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகிய இருவரின் இணைப்பு அறுந்து, அவர்கள் கடிகாரத்தால் தோற்றனர். இந்தியா முறையிட்டது. பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் இரு நாடுகளுக்கும் தங்கப்பதக்கம் வழங்கினார். நாம் மகிழ்ந்தோம்.

ஆனால் அதற்கு இரு நாள் முன்பு, காலிறுதியில், இந்தியாவுக்கு எதிராக ஆடிய ஆர்மீனிய வீரர் ஒருவரின் இணைப்பும் அறுந்திருந்தது. ஆர்மீனியாவின் முறையீடு தள்ளப்பட்டது. அந்நாடு போட்டியிலிருந்து விலகிற்று. இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றல்ல. ஒன்று உலகளாவிய தடை; மற்றொன்று ஒரு வீரரின் இணைப்பு. விதியின்படி வேறுபாடு காட்டலாம். எனினும் நமக்கு நேர்ந்தபோது நீதி கேட்ட நாம், பிறர்க்கு நேர்ந்தபோது என்ன நினைத்தோம் என்று நம்மை நாமே வினவுதல் நன்று. மைத்திரி என்பது இவ்வினாவிலேயே தொடங்குகின்றது.

8. நமக்குத் தனியே ஒரு கடமை

விதி யாவர்க்கும் ஒன்றாக இல்லாத சமுதாயத்தின் துன்பத்தை நம் பாட்டன்மார் அறிவர். குளத்திற்கு ஒரு விதி, கோயிலுக்கு ஒரு விதி, பள்ளித் திண்ணைக்கு ஒரு விதி என்று அவர்கள் ஒதுக்கப்பட்டனர். சதுரங்கப் பலகையில் அவ்வேறுபாடு இல்லை. இருபுறமும் பதினாறு காய்கள். இருவர்க்கும் ஒரே விதி. பிறப்பைக் கேட்பார் எவருமில்லை. அத்தகைய சமநிலத்தை நம் கையாலேயே கோணலாக்குதல் நம்மவர்க்குச் சற்றும் தகாது. ஒரே விதியின் அருமையை உணர்ந்தவரே அதனைக் காக்க முதலில் முன்வரல் வேண்டும்.

9. கைக்கொள்ள வேண்டுவன

இராகுலருக்குப் பகவர் கண்ணாடியை உவமை காட்டினார். செயலுக்கு முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் அதனைத் தன்னுள் நோக்கிப் பார்த்தல் வேண்டும் என்றார். அம்மூன்று வேளைகளையும் ஆட்டத்திற்குப் பொருத்துவோம்.

ஆட்டத்திற்கு முன்: நிரலை மூடிவிடுக. அருகிலிருப்போரை ஆட்டம் முடியுமட்டும் பேசாதிருக்கச் சொல்லுக. தோற்றாலும் மனம் கலங்காத நிலையில் இருக்கின்றோமா என்று நோக்குக. இல்லையேல் அன்று ஆடாதிருத்தலே நலம்.

ஆட்டத்தின்போது: தோல்வி தெளிவாயின் காலத்தை இழுக்காமல் ஒப்புக்கொள்க. எதிராளியின் இணைப்பு அறுந்தால் வசைபாடாமல் காத்திருக்க. வென்றால் எள்ளல் வேண்டா.

ஆட்டத்தின் பின்: இப்போது நிரலைத் திறக்கலாம். முடிந்த ஆட்டத்தை அதனோடு ஒப்பிட்டு எங்கே பிழைத்தோம் என்று காண்பது கல்வி, கள்ளமன்று. ஒரே கருவி, ஆட்டத்திற்கு முன் மூடியிருந்தால் ஆசிரியன். நடுவில் திறந்தால் திருட்டுக்குத் துணைவன்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளையிடம் “வென்றாயா?” என்று மட்டும் கேட்பது அவனைப் பொய்யின் பக்கம் தள்ளக்கூடும். “இன்று என்ன கற்றாய்?” என்றும் கேளுங்கள். தவறு செய்ததாகப் பிள்ளை தானே வந்து சொன்னால் அடிக்காதீர்கள். எதிராளிக்கு மன்னிப்புச் செய்தி எழுதச் சொல்லி, அடுத்த ஆட்டத்திற்கு அனுப்புங்கள். ஒப்புக்கொள்ள அஞ்சாத பிள்ளைக்கு மறைக்க வேண்டிய தேவை இராது.

சிந்தனைக்குரிய வினாக்கள்

அடுத்த பௌர்ணமிக் கூட்டத்திற்குள் கீழ்க்காணும் வினாக்களை வீட்டில் யாவரும் கலந்து பேசுக.

1. சதுரங்கத்திற்கும் சூதிற்கும் வேறுபாடு யாது? எந்நிலையில் சதுரங்கமும் சூதாகும்?

2. நிரலின் துணையால் ஆடுங்கால் இரண்டாவது சீலமும் நான்காவது சீலமும் முறிவது எவ்வாறு?

3. துதிக்கை உவமையை நம் அன்றாட வாழ்வில் வேறெந்தச் செயலுக்குப் பொருத்தலாம்?

4. எதிராளி வஞ்சனை செய்கின்றார் என்று ஐயம் எழுந்தால் உபாசகர் செய்யத்தக்கது யாது? செய்யத்தகாதது யாது?